உள்ளுக்குள்ளேதானே, எந்தப் பேராக இருந்தால் என்ன?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் சமாச்சாரமும் நிறைய வரும். "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். உங்களில் பாதிப் பேர் இந்தத் தொழிலில்தான் இருக்கிறீர்கள். மீதிப் பேர் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கடிதம் எழுதிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது.

பழைய பாடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடிதம் எழுதுதல் ஞாபகம் இருக்கிறதா? அனுப்புநர், பெறுநர், ஐயா அல்லது அம்மா, பொருள், இப்படிக்கு, கடைசியில் ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி. அந்தக் கட்டத்தை மறந்தவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். ஒரு பையன் எழுந்து கேட்டான். "உள்ளேயே பெறுநர்னு எழுதியாச்சே டீச்சர், மறுபடியும் வெளியே எதுக்கு?" நான் சொன்ன பதில், "தபால்காரர் உறையைப் பிரிச்சுப் படிக்க மாட்டார் கண்ணு. வெளியே இருக்கிறதை வச்சுத்தான் வீடு தேடுவார்."

முப்பத்தைந்து வருடம் கழித்து, மெயில் சர்வரும் அப்படித்தான் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். நாம் மெயிலில் பார்க்கிற 'டு' என்ற வரி, கடிதத்துக்குள் எழுதும் பெறுநர் மாதிரி. சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது யாருக்கு என்று தனியாக ஒரு முகவரி சொல்லிக்கொள்கின்றன. அதற்கு அவர்கள் பாஷையிலும் உறை என்றுதான் பேர். அந்த உறையைப் பார்த்துத்தான் கடிதம் போகிறது. உறையைச் சரியாக எழுதியும் கடிதம் வேறு வீட்டுக்குப் போனால் அது யார் தப்பு? இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்வி அறக்கட்டளையில் வாரம் மூன்று நாள் போய் உதவி செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே வளாகத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒரு மாணவியர் விடுதி. எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். விடுப்பு விண்ணப்பமும் 'காலை வணக்கம்' படமும் ஒரே இடத்தில் வரும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவரிடம் வந்த கடிதமெல்லாம் அவர் போனோடு போய்விடும். இதைச் சரிசெய்ய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் ஒரு மெயில் சர்வர் வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். என் பழைய மாணவன் ஒரு தம்பி, இதே தொழிலில் இருப்பவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஓரங்கட்டிக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைத்தான் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

போஸ்ட்ஃபிக்ஸ் நம் ஊர்ச் சரக்கு இல்லை. நெதர்லாந்துக்காரர் வீட்சே வெனெமா, ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது எழுதியது. 1998-ல் வெளியானது. இலவசம். உலகத்தில் எத்தனையோ சர்வர்களில் இன்றும் ஓடுகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. நம்மிடம்தான் குறை.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தம்பி கேட்டான். "டீச்சர், மூணு நிறுவனத்துக்கும் தனித்தனி டொமைன் பேர் வச்சிருக்கோம். இதையெல்லாம் விர்ச்சுவல் டொமைனாப் பிரிச்சுப் போடணும். இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். இல்லேன்னா மூணையும் ஒரே பட்டியல்ல போட்டுடலாம், உடனே வேலை செய்யும். ஆனா அது அவ்வளவு சரியில்லை." அவனுக்கு ஆறரைக்குப் பஸ். நான் சொன்னேன். "உள்ளுக்குள்ளேதானே தம்பி, எந்தப் பேரா இருந்தா என்ன? ஒரே பட்டியல்ல போட்டுட்டுக் கிளம்பு. பஸ்ஸை விட்டுடாதே."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய பதிவு எழுதுகிறேன்.

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். புரிவதற்காக முகவரிகளைச் சுருக்கி எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு 'தலைமை' என்று ஒரு கணக்கு. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியைக்கு அதே பேர் வைக்க முடியாது என்பதால் 'தலைமை2'. எனக்கு அந்த இரண்டு பிடிக்கவில்லை. அந்த அம்மா என்ன இரண்டாம் தரமா? டொமைன் பேர்தான் வேறு வேறாக இருக்கிறதே என்று நினைத்து, தொடக்கப் பள்ளி அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே 'தலைமை@தொடக்கம்' என்று எழுதிவைத்தேன். ஒரு சோதனைக் கடிதமும் அனுப்பினேன். திரும்பி வரவில்லை. திரும்பி வராததால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கவில்லை.

பழைய ஆட்களெல்லாம் வழக்கமாகக் கணக்குப் பேரைத் தேர்ந்தெடுத்து 'தலைமை2'-க்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தொடக்கப் பள்ளியில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பேர் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. அவளிடம் அனுமதி வாங்கித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். திடீரென்று அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய் நான்கு நாள் வர முடியவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டும் சொல்லக்கூடிய காரணம். அதனால்தான் குரூப்பில் போடாமல், பலகையில் பார்த்த முகவரிக்கு, தன் தலைமையாசிரியைக்கு மட்டும் என்று நினைத்து எழுதினாள்.

அந்தக் கடிதம் மேல்நிலைப் பள்ளிக்குப் போனது. அங்கே அந்தப் பெட்டியைத் திறப்பவர் எழுத்தர். அவர் நல்ல மனிதர்தான். வந்த கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்து மேசைக்கு அனுப்புவது அவர் வேலை, செய்தார். "இந்தப் பேர்ல நம்ம ஸ்டாஃப் யாரும் இல்லையே?" என்று இரண்டு பேரிடம் விசாரித்தும் பார்த்தார். இப்படி மூன்று ஆண்கள் கைக்கு அந்தத் தாள் போயிற்று. அவளுடைய சொந்தத் தலைமையாசிரியைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. சொல்லாமல் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் குறித்தார். நான்கு நாள் சம்பளம் பிடித்தம். விளக்கம் கேட்டு மெமோ.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் மெமோவோடு என்னிடம் வந்தாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டீச்சர், நான் அட்ரஸ் சரியாத்தானே போட்டேன்?"

சரியாகத்தான் போட்டிருந்தாள். ஒரு புள்ளி தப்பில்லை.

அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் செய்தேன். சர்வரின் லாக் பதிவைப் பார்க்கச் சொன்னான். எந்தக் கடிதம் எத்தனை மணிக்கு எங்கே போனது என்று சர்வர் எழுதிவைக்கும் தபால் பதிவேடு அது. அந்தக் கடிதத்துக்கு நேரே 'சென்ட்' என்று இருந்தது. சர்வரைக் கேட்டால் எந்தத் தப்பும் நடக்கவில்லை. கொடுக்கச் சொன்ன கடிதத்தைக் கொடுத்துவிட்டது.

தம்பி அடுத்த ஞாயிறு மறுபடி வந்து, எனக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினான். நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அதைத்தான் இங்கே பாடமாகச் சொல்லப் போகிறேன்.

நம் வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் என்ன செய்வோம்? தலைப்பெழுத்தை வைத்துப் பிரிப்போம். க.செல்வி, மு.செல்வி. தெருவிலே என்றால் மேலத்தெரு செல்வி, கீழத்தெரு செல்வி. மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது அந்தத் தலைப்பெழுத்து மாதிரி. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் முதலில் @ குறியைப் போட்டபோது, அதற்குப் பின்னால் வந்தது ஒரு யந்திரத்தின் பேர். இந்த ஆள், இந்த யந்திரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு 1983-ல் பால் மொகபெட்ரிஸ் பேர்களையெல்லாம் பராமரிக்க டி.என்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தார். 1986-ல் எம்.எக்ஸ். என்ற குறிப்பு வந்தது. "இந்தப் பேருக்கு வரும் கடிதத்தை அந்த யந்திரத்திடம் கொடு" என்று சொல்லும் குறிப்பு அது. அன்றிலிருந்து முகவரியில் இருக்கும் பேரும் யந்திரத்தின் பேரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. ஒரு கட்டடத்தில் மூன்று பள்ளிக்கூடம் நடத்தலாம், மூன்றுக்கும் தனித்தனிப் பேர்ப்பலகை மாட்டலாம் என்பது போல. அந்தப் பேர்ப்பலகைதான் விர்ச்சுவல் டொமைன். கட்டடத்தின் கதவு எண்தான் ஹோஸ்ட்நேம்.

போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கு இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்றுக்குப் பேர் மைடெஸ்டினேஷன். இதில் எழுதிய டொமைன் எதுவாக இருந்தாலும், அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குகளுக்கே கடிதம் போகும். @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் பார்க்கும். பின்னால் இருப்பதை, "இதெல்லாம் நம்ம வீடுதான்" என்று ஒன்றாக எடுத்துக்கொள்ளும். தலைமை@மேல்நிலை, தலைமை@தொடக்கம், தலைமை@விடுதி மூன்றும் அதற்கு ஒரே தலைமை. தலைப்பெழுத்தை அழித்துவிட்டு 'செல்வி' என்று மட்டும் கூப்பிட்ட கதை. முதலில் கை தூக்கிய செல்வி எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள்.

இன்னொரு பட்டியலுக்குப் பேர் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ். இதில் எழுதினால் முகவரி முழுவதையும் பார்க்கும். எந்த முழு முகவரிக்கு எந்தப் பெட்டி என்று தனியாக ஓர் அட்டவணை எழுதிக்கொடுக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத முகவரி என்றால், "அப்படி ஆள் இல்லை" என்று அனுப்பியவரிடமே திருப்பிவிடும். ஒரே டொமைனை இரண்டு பட்டியலிலும் எழுதக் கூடாது. எழுதினால் போஸ்ட்ஃபிக்ஸே லாக்கில் எச்சரிக்கை கொடுக்கிறது. அதன் விளக்கக் குறிப்பிலும் பெரிய எழுத்தில் இருக்கிறதாம்.

இங்கேதான் ஹோஸ்ட்நேம் வந்து மாட்டுகிறது. பல பேர் சர்வருக்கே பள்ளிக்கூடத்தின் டொமைனைப் பேராக வைத்துவிடுகிறார்கள். வசதியாகத் தெரியும். ஆனால் யந்திரத்தின் பேர், யாரும் சொல்லாமலே முதல் பட்டியலில் சேர்ந்திருக்கும். பிறகு அதே பேரை இரண்டாவது பட்டியலிலும் எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் யந்திரத்துக்கு என்று தனிப் பேர் இருக்க வேண்டும். அந்தப் பேரில் எந்த ஆளுக்கும் முகவரி கொடுக்கக் கூடாது.

நாங்கள் எங்கள் யந்திரத்துக்கு 'வேம்பு' என்று பேர் வைத்தோம். அலுவலக ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம். அடுத்த யந்திரம் வந்தால் 'புங்கன்'. இது என் கிறுக்கு என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்குப் பேர் வைப்பது எப்படி என்று 1990-லேயே டான் லிபெஸ் என்பவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆளின் பேரை வைக்காதே, அது இன்று செய்கிற வேலையின் பேரையும் வைக்காதே, ஒரே வகையிலிருந்து பேர்களை எடு என்கிறார். வேலை நாளைக்கு மாறும், பேர் அப்படியே நின்று குழப்பும். பழைய சமையல்கூடத்தில் வகுப்பு நடத்திக்கொண்டு பத்து வருடமாக 'கிச்சன் கிளாஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது மாதிரி.

இப்போது டி.என்.எஸ்ஸில் 'வேம்பு' என்ற பேருக்கு நேரே ஒரே ஓர் ஐ.பி. எண். மூன்று டொமைன்களின் எம்.எக்ஸ். குறிப்பும் 'வேம்பு' என்று காட்டும். நாளைக்கு இந்தப் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனால், வேறொன்றை வைத்து அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். யாருடைய முகவரியும் மாறாது. பாதுகாப்புச் சான்றிதழும் 'வேம்பு' என்ற ஒரு பேருக்கு மட்டும் எடுத்தால் போதும்.

அடுத்தது, உள்ளுக்குள்ளேதானே என்று வைக்கிற கற்பனைப் பேர்கள். முதலில் நாங்கள் எல்லா டொமைனுக்கும் கடைசியில் 'லோக்கல்' என்று வைத்திருந்தோம். சில கம்ப்யூட்டரில் திறக்கும், சிலவற்றில் திறக்காது. நெட்வொர்க் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். காரணம் என்னவென்றால், 'லோக்கல்' என்ற கடைசிப் பேர் ஏற்கெனவே வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டது. பிரிண்டர் மாதிரி சாதனங்கள் சர்வர் இல்லாமலே ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் முறைக்கு. 2013-ல் இணைய விதிக்குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் சில கம்ப்யூட்டர்கள் அந்தப் பேரை நம் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்பதே இல்லை, பக்கத்துச் சாதனங்களிடம் கத்திக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

'கார்ப்', 'ஹோம்', 'மெயில்' என்ற கடைசிப் பேர்களும் அப்படித்தான். பல நிறுவனங்கள் உள்ளுக்குள்ளே இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டதால், அவற்றை வெளியே விற்றால் குழப்பம் வரும் என்று, இணையப் பேர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2018-ல் அந்த மூன்று பேருக்கான விண்ணப்பங்களையும் மேற்கொண்டு நகர்த்துவதில்லை என்று முடிவெடுத்தது. 2024-ல் 'இன்டர்னல்' என்ற கடைசிப் பேரை உள் உபயோகத்துக்கு என்றே ஒதுக்கிவைத்தது. காசில்லாமல் வேண்டும் என்பவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே யாரும் அதற்குச் சான்றிதழ் தர மாட்டார்கள்.

என் கருத்து வேறு. சொந்தமாக ஒரு டொமைனை வாங்கிவிடுங்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாய். அதற்குக் கீழே உங்களுக்கு வேண்டிய உட்பேர்களை எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு கடிதமும் போகாவிட்டாலும் பேர் உங்களுடையது. நாளைக்கு வெளி உலகத்தோடு இணைக்க வேண்டி வந்தால் அறிவிப்புப் பலகை, அச்சடித்த கடிதத்தாள், ரப்பர் ஸ்டாம்ப் எதையும் மாற்ற வேண்டாம். வாங்கும்போது அறக்கட்டளையின் பேரில் வாங்குங்கள், வாங்கித் தருகிற தம்பியின் பேரில் வாங்காதீர்கள். அவன் நல்லவன்தான். ஆனால் புதுப்பிக்க வேண்டிய நாள் வரும்போது அவன் வெளிநாட்டில் இருப்பான்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். "ஒரே டொமைன் வச்சுட்டு, தலைமை-தொடக்கம், தலைமை-மேல்நிலைன்னு முன்னாலேயே பிரிச்சுட்டா என்ன மேடம்? இவ்வளவு பட்டியல் எதுக்கு?" நியாயமான கேள்வி. ஒரே நிறுவனம், பத்து ஆட்கள் என்றால் அதுவே போதும், எளிமையானதுதான் நல்லது. வெளி உலகத்தோடு கடிதப் போக்குவரத்து உள்ள சின்னப் பள்ளி என்றால் சொந்த சர்வரே வேண்டாம், மாதம் பணம் கட்டி யாரிடமாவது விட்டுவிடலாம், டொமைன் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் மூன்று நிறுவனம், மூன்று தலைமை, மூன்று அலுவலகம் என்று இருக்கும்போது, ஒவ்வொருவரும் தன் வீட்டில் தன் பேரோடு இருப்பதுதான் முறை. 'தலைமை2' என்று யாரும் இருக்க வேண்டியதில்லை. அது சின்ன விஷயமாகத் தெரியலாம். மேடையில் நாற்காலி போடும்போது எவ்வளவு பார்க்கிறோம்?

இன்னும் இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, 'எது வந்தாலும் வாங்கிப் போடு' என்ற பெட்டி. டொமைனில் எந்த முகவரிக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி அமைக்க முடியும். கடிதம் தொலையாது என்று சிலர் விரும்பி வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பான முகவரிக்குப் போட்ட கடிதம் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்தால்தான் எழுதியவருக்குத் தெரியும், வேறு வழி பார்ப்பார். அந்தப் பெண்ணின் கடிதம் அன்றைக்கே திரும்பி வந்திருந்தால் ஒரு போன் செய்திருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். சத்தமில்லாமல் வேறொருவர் கையில் சேர்ந்ததுதான் கெடுதல்.

இரண்டு, பதவிக்கு ஒரு பெட்டி. தலைமை என்ற முகவரியை அப்போது இருக்கும் தலைமையாசிரியரின் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடுவது சுலபம், ஒரு வரிதான். ஏலியாஸ் என்கிறார்கள். ஆனால் அவர் ஓய்வு பெற்றுப் போனால் பழைய கடிதமெல்லாம் அவர் பெட்டியிலேயே தங்கிவிடும். பதவிக்கு என்றே தனிப் பெட்டி வைத்து, பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடு பாஸ்வேர்டையும் மாற்றிக்கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டியை யார் யார் திறக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத்தர் திறக்கும் பெட்டிக்கு 'அலுவலகம்' என்று பேர் வையுங்கள். 'தலைமை' என்ற பெட்டியைத் தலைமை மட்டும் திறக்கட்டும். எங்கள் கதையில் பாதித் தப்பு இதில்தான் இருந்தது. இதைச் சரிசெய்ய எந்தக் கம்ப்யூட்டர் அறிவும் தேவையில்லை.

தம்பி இரண்டாம் முறை வந்தபோது எல்லாவற்றையும் பிரித்துப் போட இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு வகுப்பில் வருகை எடுப்பது போலச் சோதனை செய்தோம். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு கடிதம் அனுப்பி, அந்தந்த அறைக்கு நடந்துபோய், வந்ததா என்று கண்ணால் பார்த்தேன். வேண்டுமென்றே தப்பாக மூன்று முகவரிக்கும் அனுப்பினோம். மூன்றும் திரும்பி வந்தன. அந்த மூன்றும் திரும்பி வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. 'போஸ்ட்கான்ஃப் மைனஸ் என்' என்ற கட்டளையைக் கொடுத்தால், நாம் மாற்றிவைத்த அமைப்புகள் மட்டும் சுருக்கமாக வருகின்றன. அதை அச்செடுத்து, தேதி போட்டு, எதை ஏன் மாற்றினோம் என்று பக்கத்தில் எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறொரு தம்பி வந்தாலும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பெண்ணின் மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். நான்கு நாள் சம்பளமும் அடுத்த மாதம் வந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் எழுதியது நான், ஒரே பட்டியலில் போடச் சொன்னதும் நான் என்று நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தேன். அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்தோம். ஆனால் படித்த மூன்று பேர் படித்ததுதான். அவள் மேல்நிலைப் பள்ளி வராந்தா வழியாகப் போகாமல் இன்னும் பின்பக்கமாகச் சுற்றித்தான் போகிறாள். நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

பிள்ளைகளே, சர்வர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் யாராவது பெரியவர்கள், உங்கள் டீச்சராகவே இருந்தாலும், "உள்ளுக்குள்ளேதானே, சீக்கிரம் முடி" என்று சொன்னால் கேட்காதீர்கள். பஸ் போனால் போகட்டும். அன்றைக்கு அந்தத் தம்பி என்னிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம், பேசியும் பார்த்தான். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டான். அந்தப் பழக்கத்தையும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை. நாளைக்கு அலுவலகம் போனதும், உங்கள் நிறுவனத்தின் பொது முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு எழுந்து போய், அதை யார் திறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்